சிவந்த கிணறும் தெளிந்த கிணறும்: ஒரு வளவின் நீர் ஆய்வு

ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் இருக்கிறது அந்த வளவு. தாய்க்கு ஒரு வீடு, மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த இன்னொரு வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு. தாயின் கிணறு வாவிப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கிறது. மகளின் கிணறு பிரதான வீதிப் பக்கம், மேட்டு மணலில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 150 அடி. குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரும் ஒழுங்கையும் இங்கே தரப்படவில்லை.

தாயின் கிணற்றைத் திருத்தத்தான் என்னை அழைத்தார்கள். மகளின் கிணற்றைப் பற்றி எவருக்கும் முறைப்பாடு இல்லை. அதன் தண்ணீர் பளிங்குபோல இருக்கும், வாயில் விட்டால் இனிக்கும். அயலவர்களும் வந்து குடத்தில் கொண்டுபோவார்கள். கடைசியில் எங்களை அதிகம் கவலைப்படுத்தியது அந்தக் கிணறுதான்.

முறைப்பாடும் முன்னர் செய்தவையும்

தாயின் கிணற்றில் அள்ளும்போது தண்ணீர் தெளிவாகவே வருகிறது. ஒரு மணித்தியாலம் வாளியில் நின்றால் மஞ்சளாகி, மாலைக்குள் அடியில் செம்பொடி படிகிறது. கிணற்றடியில் இருந்த வெள்ளை வாளியின் உட்புறம், தண்ணீர் நிற்கும் மட்டம் வரை செங்கல் நிறம் ஏறி, தேங்காய்த் தும்பால் உரஞ்சியும் போகவில்லை. பேரனின் பள்ளிக்கூடச் சட்டைக் கழுத்துப்பட்டி பழுப்பு. வெறுந்தேநீர் ஊற்றினால் மை போல் கறுத்துவிடுகிறது. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். காலையில் முதலில் குழாயைத் திறக்கும்போது கூழ்முட்டை நாற்றம். போதாக்குறைக்கு, கடந்த மாரி வெள்ளத்துக்குப் பிறகு பேரனுக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம்.

வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தார்கள். கலங்கல் கொஞ்சம் அடங்கியது, நிறம் மாறவில்லை. அந்தக் கொட்டை தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களைத் திரட்டி அடியில் இறக்கும். கரைந்து கிடக்கும் இரும்பை அதனால் பிடிக்க முடியாது. பிறகு மருமகன் ஒரு கடையில் கரியும் மெழுகுதிரி வடிவப் பீங்கானும் கொண்ட வடிகட்டி வாங்கி மாட்டினார். ஒரு கிழமைக்குள் பீங்கான் சிவந்து அடைத்துக்கொண்டது. மூன்றாவதாக யாரோ சொன்னதைக் கேட்டு, குளோரின் கொண்ட வெளிற்றும் தூளைக் கிணற்றில் கொட்டினார்கள். மறுநாள் கிணறு முழுவதும் செஞ்சாந்து கரைத்ததுபோல் ஆகிவிட்டது. தண்ணீரில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று அயலில் பேச்சுக் கிளம்பியது அப்போதுதான்.

யாரும் எதையும் கலக்கவில்லை. நிலத்தடியில் இரும்பு கரைந்த நிலையில், நிறமின்றி இருக்கும். ஒட்சிசனோ குளோரினோ பட்டதும் அது துருவாகத் திரண்டு வெளிப்படும். வாளியில் காற்று மணிக்கணக்கில் செய்ததை, கிணற்றில் குளோரின் உடனே செய்துமுடித்தது. போட்ட குளோரினை இரும்பே தின்றுவிட்டதால் கிருமிகளுக்கு மிஞ்சியது சொற்பம்.

கிணற்றடியில் பார்த்தவை

சோதனைப் போத்தலை எடுக்கும் முன்பு கிணற்றைச் சுற்றி நடந்து பார்ப்பது என் வழக்கம். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சீமெந்து வளையம் இறக்கிய கிணறு. உள்விட்டம் 4 அடி, ஆழம் 12 அடி, கோடையில் நீர் 5 அடி. சுற்றியுள்ள சீமெந்துத் தளம் ஒரு பக்கம் வெடித்து, உடுப்புத் துவைத்த தண்ணீர் அந்த வெடிப்பு வழியே மணலுக்குள் இறங்கி மீண்டும் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. மேல் வளையங்களின் மூட்டுகளில் சாந்து உதிர்ந்திருந்தது. மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனை அடிச்சேற்றைத் தொட்டபடி கிடந்தது. நாற்றத்துக்கு அது ஒரு காரணம். கழிப்பறையில் தண்ணீர் நிற்கும் தாங்கியின் மூடியைத் திறந்தால் உட்சுவரில் செம்மஞ்சள் கொழுப்பு, மேற்பரப்பில் எண்ணெய்போல் ஒரு பளபளப்பு. அதை விரலால் தொட்டதும் கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்து பிரிந்தது. எண்ணெயாக இருந்தால் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடும். உடைந்து பிரிந்தால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம். ஆளுக்குத் தீங்கில்லை, குழாய்க்குத்தான் தொல்லை.

மலக்குழியைக் கேட்டேன். தாயின் வீட்டுக்குரியது கிணற்றிலிருந்து 40 அடி, வேலிக்கு அப்பால் உள்ள அயல்வீட்டுக் குழி 30 அடி. குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கைப்பிடியில் நிற்காமல் ஓடும் இந்த மணலில், அதுவும் மாரியில் நீர்மட்டம் மலக்குழியின் அடியைத் தொடும்போது, 50 அடியும் எனக்குப் போதாது என்றே படும்.

“மகன், இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நான் நான்கு பிள்ளை பெற்று வளர்த்தேன். அப்போது ஒன்றும் செய்யவில்லையே” என்றார் அந்த அம்மா.

“அப்போது இந்த வளவில் எத்தனை மலக்குழி அம்மா?”

யோசித்துவிட்டு, “ஒன்றுகூட இல்லை” என்றார். இப்போது வேலிக்கு இப்பாலும் அப்பாலுமாக நான்கு. பெண்பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்து வீடு கட்டிக்கொடுப்பது எங்கள் பகுதியின் பழைய வழக்கம். ஒவ்வொரு வீட்டோடும் ஒரு கிணறும் ஒரு குழியும் வருகின்றன, நிலம் மட்டும் அகலுவதில்லை. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கிணறுகளின் இன்றைய நிலைக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் காணவில்லை.

ஆய்வறிக்கை

இரும்பு, கடினத்தன்மை, நாற்றம் ஆகியவற்றைக் கண்ணாலும் மூக்காலும் சவர்க்கார நுரையாலும் ஓரளவு ஊகிக்கலாம். பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கரையும் நைத்திரேற்றுக்கும் மலக்கிருமிக்கும் நிறமோ மணமோ சுவையோ கிடையாது. இரண்டையும் ஆய்வகத்தில்தான் பார்க்கவேண்டும். கிருமிச் சோதனைக்குத் தொற்றுநீக்கிய போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்ப்பிக்கவேண்டும். பழைய சோடாப் போத்தலில் பிடித்து இரண்டு நாள் மேசையில் வைத்துவிட்டுக் கொண்டுபோனால், வரும் அறிக்கை கிணற்றைப் பற்றியதாக இருக்காது.

தாயின் கிணற்று மாதிரியோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மகளின் கிணற்றிலிருந்தும் ஒன்று எடுத்தேன். வீணாகப் பணம் கட்டுவானேன் என்று மருமகன் முணுமுணுத்தார். நான் விடவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் மூன்று மாதக் குழந்தை ஒன்று இருந்தது. தாய்ப்பால் போதவில்லை என்று நினைத்து, அந்தத் தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தாயின் கிணறு. இரும்பு லீற்றருக்கு 2.6 மில்லிகிராம், எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம் அனுமதிப்பது 0.3. அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் 6.6, அதாவது 7க்குக் கீழே, சற்று அமிலப் பக்கம். கடினத்தன்மை 190, எல்லையான 250க்குள். உப்புத்தன்மையைக் காட்டும் குளோரைட்டு 140, அதன் எல்லையும் 250. நைத்திரேற்று 3. மலக்கிருமியான ஈ. கோலை இருந்தது, ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி.

மகளின் கிணற்றில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். ஈ. கோலை இல்லை. நைத்திரேற்று மட்டும் 78. எல்லை 50.

ஏன் இப்படி?

அழுக்குக் கிணற்றில் நைத்திரேற்று 3, தெளிந்த கிணற்றில் 78. அறிக்கை இடம் மாறிவிட்டதோ என்று மருமகன் கேட்டார். மாறவில்லை. இரண்டு கிணறுகளும் அவரவர் மண்ணைத்தான் காட்டுகின்றன.

வாவிப் பக்கத்துப் பள்ளம் ஒரு காலத்தில் கண்ணா என்ற சதுப்புநில மரங்கள் வளர்ந்த இடம். மணலுக்குக் கீழே மக்கிய இலையும் வேரும் கறுப்புச் சேறாகக் கிடக்கின்றன. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் தண்ணீரில் கரைந்த ஒட்சிசனைத் தீர்க்கும். அது முடிந்ததும் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனில் கைவைக்கும். நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடும். அடுத்து மணல்மணியில் துருவாக ஒட்டியிருக்கும் இரும்பைக் கரைக்கும். கடைசியில் சல்பேற்றைத் தொடும். அங்கேதான் ஐதரசன் சல்பைட், அதாவது கூழ்முட்டை நாற்றம் பிறக்கிறது. ஆகவே சிவப்பும் நாற்றமும் நைத்திரேற்று இல்லாததும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள்.

மேட்டு மணல் நேர்மாறு. காற்றோட்டம் உள்ள, சேறற்ற மணல். மகள் கிணற்றைச் சுற்றிக் கத்தரியும் மிளகாயும் கீரையும் செழிப்பாக வைத்திருக்கிறார். யூரியாவும் கோழி எருவும் தாராளம். இந்த மணல் நைத்திரேற்றைப் பிடித்துவைக்காது. செடி உண்டது போக மிச்சம் நீர்ப்பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மலக்குழியிலிருந்து வரும் அமோனியாவும் காற்றுள்ள மணலில் நைத்திரேற்றாகும். கிருமி வழியிலேயே வடிகட்டப்பட்டுச் சாகலாம். கரைந்த நைத்திரேற்று வந்து சேர்ந்துவிடும்.

தாயின் கிணறு: ஒழுங்குமுறைதான் வைத்தியம்

இங்கே ஒவ்வொரு கோளாறுக்கும் மருந்து உண்டு. வரிசை பிசகினால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

முதலில் அழுக்குநீர் கிணற்றுக்குள் இறங்குவதைத் தடுத்தோம். வெடித்த தளத்தை உடைத்து, வெளிநோக்கிச் சரிவாகப் புதிதாக வார்த்து, கழிவுநீரை வாய்க்காலில் வாழைக்குத் திருப்பினார்கள். மேல் மூட்டுகளைச் சாந்தால் அடைத்தார்கள். உறிஞ்சு குழாயின் முனையை அடியிலிருந்து 2 அடி உயர்த்தினோம். இந்தச் சிறு வேலையிலேயே காலை நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அடுத்து இறைப்பு. பெரிய மோட்டார் வைத்து அடிமணல் தெரிய இறைத்துவிடலாம் என்றார் மருமகன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுவதும் கிணறுகளை அப்படித்தான் இறைத்தார்கள். அடித்து இறைத்த சில இடங்களில் உப்புக் குறைவதற்குப் பதில் கூடியது. இங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழேயிருந்து உவர் வேகமாக ஏறும். எனவே சிறிய மோட்டாரால் ஆறுதலாகப் பாதியளவு இறைத்து, சேற்றை மட்டும் வாளியால் அள்ளினார்கள். உள்ளே இறங்கியவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். எண்ணெயில் ஓடும் மோட்டாரை ஒருபோதும் உள்ளே இறக்கி இயக்கவேண்டாம். அதன் புகை ஆளைக் கொல்லும்.

பிறகுதான் குளோரின். 4 அடி விட்டம், 5 அடி நீர் என்றால் ஏறத்தாழ 1,800 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 90 கிராம் குளோரின் வேண்டும். வெளிற்றும் தூளில் 30 வீதம்தான் குளோரின் என்பதால், தூள் 300 கிராம் அளவில். பொதி திறந்து மாதக்கணக்காக வைத்திருந்த தூளில் வீரியம் பாதிகூட இராது. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, குழாய்களிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டு, ஓரிரவு விட்டார்கள். கிணறு மறுபடியும் சிவந்தது. இந்தத் தடவை எவரும் பயப்படவில்லை. மறுநாள் மணம் போகும்வரை இறைத்த நீரை வாவிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ விடாமல் வெறும் மணலில் விட்டார்கள்.

இரும்பு மண்ணிலிருந்து வருவது. கிணற்றை எத்தனை தடவை கழுவினாலும் அது வந்துகொண்டேயிருக்கும். அதைக் கிணற்றுக்கு வெளியேதான் பிரிக்கமுடியும். அடியில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்ட ஒரு பிளாஸ்ரிக் பேசினில் கடற்சிப்பி நொறுக்கிப் பரப்பி, அதை ஒரு பீப்பாயின் வாய்க்கு மேலே 2 அடி உயரத்தில் தூக்கிக் கட்டினோம். மோட்டார் நீர் சிப்பியில் விழுந்து, இழை இழையாகக் காற்றூடே சொரியும். காற்று இரும்பைத் துருவாக்கும். பீஎச் 7க்குக் கீழே இந்த மாற்றம் சோம்பலாக நடக்கும் என்பதால்தான் சிப்பி. அதன் சுண்ணாம்பு பீஎச்சை உயர்த்தும், கடினத்தன்மையும் கொஞ்சம் கூடும், பாதகமில்லை. பீப்பாயில் ஓரிரவு தெளியவிட்ட நீர், அடியிலிருந்து ஒரு சாண் மேலே பொருத்திய குழாயால் இரண்டாவது பீப்பாய்க்கு வரும். அங்கே அடியில் கருங்கற் சல்லி, அதன் மேல் நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் ஒன்றரை அடி. கடல்மணலைப் போட்டால் உப்புக் கழுவியே காலம் போய்விடும்.

முதல் சில நாட்கள் வெளிவந்த நீரில் இலேசான மஞ்சள் இருந்தது. மணலை எல்லாம் கொட்டிக் கழுவிவிடுவோமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். மணல்மணிகளின் மேல் பழுப்புப் பூச்சு ஏறியபிறகு, அந்தப் பூச்சே புதிய இரும்பைப் பிடித்துத் துருவாக்கும். நீர் வடிவது மெதுவானால் மேல் அரை அங்குல மணலை மட்டும் வழித்தெடுத்துக் கழுவிப் போட்டால் போதும். சில கிழமைகளில் இரும்பு 0.2க்கு இறங்கியது. தேநீர் தேநீர் நிறத்தில் வந்தது.

குடிப்பதற்கு இந்த நீரையும் கொதிக்கவைக்கவே சொன்னேன். மணல் கிருமியைக் குறைக்கும், ஒழித்துவிடாது. பழைய பீங்கான் வடிகட்டியை இப்போது கடைசியில் வைத்திருக்கிறார்கள். இரும்பு முன்னாலேயே நின்றுவிடுவதால் அடைப்பு இல்லை. கடைக்காரர் விற்றது நல்ல பொருள்தான், அதன் இடம்தான் பிழையாக இருந்தது.

மகளின் கிணறு: வீட்டு வைத்தியம் செல்லாத இடம்

நைத்திரேற்றுக்கு மணல், கரி, பீங்கான், தேற்றாங்கொட்டை, குளோரின் ஆகியவற்றில் ஒன்றும் பலிக்காது. கொதிக்கவைத்தால் நிலைமை மோசமாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். நைத்திரேற்று பாத்திரத்திலேயே தங்கும். நான்கு கோப்பை மூன்று கோப்பையாக வற்றினால் 78 என்பது 104 ஆகிவிடும். குழந்தையின் பால்மாவுக்கென்று மகள் பத்திரமாக நெடுநேரம் கொதிக்கவைத்தார் என்பதை நினைத்தால் சங்கடமாக இருந்தது.

50 என்ற எல்லையே போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை முன்னிட்டு வைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் நைத்திரேற்று, நைத்திரைற்று என்ற வேறொரு பொருளாகி, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வயிற்றோட்டம் சேர்ந்தால் ஆபத்து கூடும். இந்தக் குழந்தையிடம் அப்படி அறிகுறி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அறிக்கை கிடைத்த அன்றே கிணற்றுநீரை நிறுத்தச் சொல்லி, குழந்தையை வைத்தியரிடம் காட்டச் சொன்னேன், காட்டினார்கள், குறையில்லை. குடும்பநல மாது வந்து பால் கொடுக்கும் முறையைத் திருத்திக் கொடுத்த பிறகு பால்மாவின் தேவையே பெரும்பாலும் இல்லாமற்போனது. தாய்க்குள் போன நைத்திரேற்று தாய்ப்பாலில் அதே அளவில் இறங்குவதில்லை என்பது பெரிய ஆறுதல். எப்போதாவது கரைக்கவேண்டிய பால்மாவுக்கு உறவினர் வீட்டுக் குழாய்நீரைக் கொண்டுவருகிறார்கள். மட்டக்களப்புக்குக் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்து நீர், சுத்திகரிக்கப்பட்டது.

தண்ணீரை நுண்ணிய சவ்வினூடே அழுத்திச் சுத்திகரிக்கும் எதிர்ச்சவ்வூடுபரவல் இயந்திரம் வாங்கலாமா என்று மருமகன் கேட்டார். அது நைத்திரேற்றைப் பிரிக்கும், பொய்யில்லை. ஆனால் நல்ல நீர் ஒரு லீற்றர் கிடைக்க இரண்டு மூன்று லீற்றர் கழிவாகப் போகும். சவ்வை மாற்றும் செலவு தொடர்ந்து வரும். தாயின் கிணற்றில் மாட்டினால் இரும்பு அந்தச் சவ்வை விரைவிலேயே கொன்றுவிடும். பக்கத்திலேயே நைத்திரேற்று 3 உள்ள கிணறு இருக்க, இந்தச் செலவு எதற்கு? இரும்பு நீக்கி, கொதிக்கவைத்து ஆறிய தாயின் கிணற்று நீரையே இப்போது இரு வீட்டுப் பெரியவர்களும் குடிக்கிறார்கள். மகளின் கிணறு குளிக்கவும் துவைக்கவும் மரக்கறிக்கும். நைத்திரேற்று தோலுக்கு ஒன்றும் செய்யாது. அத்தோட்டத்துக்கு அது பசளைதானே. பாய்ச்சும் நீரிலேயே பங்கு வந்துவிடுவதால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். கோழிக்கூட்டையும் கிணற்றடியிலிருந்து வேலியோரத்துக்கு மாற்றினார்கள். தண்ணீர் எடுக்க வந்த அயலவர்களுக்கும் அறிக்கையைக் காட்டினோம். கைக்குழந்தை உள்ள வீட்டார் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களில் சிலர், “இவ்வளவு தெளிந்த தண்ணீருக்கா குற்றம் சொல்கிறீர்கள்?” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போதைய நிலை

குளோரின் இட்ட பின்னர் எடுத்த மாதிரியில் தாயின் கிணற்றில் ஈ. கோலை காணப்படவில்லை. அது கோடை மாதிரி, கச்சான் காற்று வீசும் காலத்தில் எடுத்தது. நீர்மட்டம் தாழ்ந்து மலக்குழிகள் வரண்ட மணலில் நின்றன. கார்த்திகை முதல் தை வரை மழை கொட்டும்போது நிலைமை வேறு. அதனால் முதல் வெள்ளம் வடிந்ததும் இரண்டு கிணறுகளிலும் மறுபடி மாதிரி எடுக்கவேண்டும். மகளின் கிணற்றில் நைத்திரேற்று அப்போது ஒரு தடவை ஏறினாலும் ஆச்சரியப்படமாட்டேன், மேல்மணலில் தங்கிய பசளையை மழை கீழே கழுவி இறக்கும்.

இளைய மகளுக்கும் இதே வளவில், இரண்டு கிணறுகளுக்கும் நடுவே, தைப் பொங்கலுக்குப் பிறகு அத்திவாரம் போடவிருக்கிறார்கள். வரைபடத்தில் மலக்குழி வீட்டின் பின்புறம், தாயின் கிணற்றுக்கு நேரே மேட்டுப்பக்கத்தில் இருந்தது. வாவியை நோக்கி நகரும் நிலத்தடி நீர் அதைத் தொட்டுக்கொண்டே கிணற்றுக்கு வந்திருக்கும். அதை வளவின் பக்க எல்லைக்கு, இரு கிணறுகளிலிருந்தும் 70 அடிக்குக் குறையாமல் நகர்த்தி, அடி மூடிய சீமெந்துத் தாங்கியாகவும், அதிலிருந்து வழியும் நீர் நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திய மணற்படுக்கையில் ஊறுவதாகவும் மாற்றி வரைந்திருக்கிறார் மேசன். புதிய வீட்டுக்கென்று கிணறு வெட்டப்போவதில்லை. குழாய் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று.